ஓட்டைப் பிரிக்க வந்தவர்

2016 மார்ச் 1, செவ்வாய்க்கிழமை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ஓட்டு அன்றுதான். அட்லாண்டாவுக்கு வடக்கே, எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஒரு தேவாலயத்தின் கூடம்தான் வாக்குச்சாவடி. கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், முகவரி, கையெழுத்து. அப்புறம் ஒரு கேள்வி: எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்? ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா, இரண்டும் வேண்டாமா?

பேனா அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா எந்தச் சின்னத்தில் குத்தினார் என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் கேட்டபோதும் சிரித்துக்கொண்டே விரலில் இருந்த மையைத்தான் காட்டினார். இங்கே முன்பின் தெரியாத இரண்டு பாட்டிமார்கள் முன்னால் கட்சியின் பெயருக்கு நேரே குறி போடச் சொல்கிறார்கள்! ஜார்ஜியாவில் கட்சி உறுப்பினர் பதிவு என்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் அன்றைக்கு எந்தக் கட்சியின் பிரைமரியிலும், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலிலும், ஓட்டுப் போடலாம், ஒன்றில் மட்டும். எப்படியோ ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு, ஓட்டையும் போட்டு, பீச் பழம் அச்சிட்ட ஒட்டியைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எந்தக் கட்டம் என்று கேட்காதீர்கள், நான் அப்பாவின் பிள்ளை.

வெளியே பக்கத்து வீட்டம்மா காத்திருந்தார். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். ஜார்ஜியாவின் தென்கோடியில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண்மணி. "எவ்வளவு நேரம்! பரீட்சையா எழுதினாய்?" என்றார். திரும்பி நடக்கும்போது, மார்ச் மாதச் செவ்வாய் என்றால் தனக்கு 1988 தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை என்றார்.

எனக்கு அந்த வருடத்துக் கதை ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். என்னுடைய பழைய அலுவலகத்தில் டென்னசிக்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளையர், நல்ல மனிதர், மதியச் சாப்பாட்டு மேசையில் அரசியலைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார். 1988-ல் கல்லூரி மாணவராக இருந்தபோது, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குக் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனோடு போட்டியிட்ட அல் கோருக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர். "அன்றைக்கு ஜெஸ்ஸி ஜாக்சன் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் கோர் தெற்கை மொத்தமாக அள்ளியிருப்பார். ஓட்டைப் பிரித்துவிட்டார் மனிதர்" என்பார். எனக்கு அது உடனே புரிந்தது. ஓட்டைப் பிரிக்க வந்தவர் என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த காது அல்லவா. 1989 ஜனவரியில் ஜானகியின் இரட்டைப் புறாவும் ஜெயலலிதாவின் சேவலும் தனித்தனியே நின்று, 13 வருடம் கழித்து தி.மு.க. ஆட்சிக்கு வந்ததைப் பார்த்த வீட்டுக்குள் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அந்தப் பேச்சைத்தான் அன்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்தினார். "யாருடைய ஓட்டை?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். வீட்டுக்குப் போய் அன்றிரவு, மற்றவர்கள் எல்லாம் குடியரசுக் கட்சியின் டிரம்ப், குரூஸ், ரூபியோ என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்க, நான் 28 வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாயின் முடிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

*

1988 மார்ச் 8-ஐப் புரிந்துகொள்ள நான்கு வருடம் பின்னால் போக வேண்டும். 1984-ல் ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேல், குடியரசுக் கட்சியின் ரீகனிடம் 49 மாநிலங்களைத் தோற்றார். சொந்த மாநிலமான மினசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும் மிஞ்சின. கட்சியின் தெற்கத்தித் தலைவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் தெற்கு முழுக்க ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1976-ல்கூட ஜார்ஜியாவின் ஜிம்மி கார்ட்டர் நின்றபோது தெற்கு திரும்பி வந்தது. இப்போது என்ன ஆயிற்று?

அவர்கள் கண்டுபிடித்த காரணம் இது: வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டம் அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் தொடங்குகிறது. இரண்டும் சின்ன மாநிலங்கள். அங்கே ஜெயிக்கிறவர் தாராளவாத வடக்கத்தியாராக இருக்கிறார். அந்த வேகத்திலேயே வேட்பாளராகிவிடுகிறார். தெற்கின் முறை வரும்போது பந்தி முடிந்து இலை எடுத்துவிடுகிறார்கள். சரி, அதற்கு மருந்து? தெற்கு மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில், அதுவும் சீக்கிரமாக, பிரைமரி நடத்திவிட்டால்? எந்த வேட்பாளரும் தெற்கைத் தாண்டிப் போக முடியாது. தெற்கத்திய, மிதவாத ஒருவர் ஒரே நாளில், கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளை மலைபோலக் குவித்து முன்னுக்கு வந்துவிடலாம்.

சட்டமன்றம் சட்டமன்றமாகப் பேசி, தேதியை மாற்றி, சாதித்தும் காட்டினார்கள். ஃபுளோரிடாவிலிருந்து டெக்சஸ் வரை, மேரிலாண்டிலிருந்து மிசூரி வரை, தெற்கும் அதன் எல்லையும் சேர்ந்து 14 மாநிலங்கள் அந்த ஒரு செவ்வாய்க்கு வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் மாநிலம், ஐடஹோ, ஹவாய், நெவாடா என்று ஆறு சேர, 20 மாநிலங்கள். சூப்பர் செவ்வாய் என்ற பெயர் உலகத்துக்கே பழக்கமானது அன்றைக்குத்தான்.

மேடை தயார். மாப்பிள்ளையைத்தான் காணோம். திட்டம் போட்டவர்கள் மனதில் இருந்த பெயர்கள் ஜார்ஜியாவின் செனட்டர் சாம் நன், வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் சக் ராப் போன்றவர்கள். இருவரும் நிற்கவில்லை. அர்கன்சாவின் இளம் ஆளுநர் ஒருவர் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டார். பில் கிளிண்டன் என்று பெயர். கடைசியில் அந்தப் பந்தலில் வந்து நின்ற ஒரே வெள்ளைத் தெற்கத்தியர், டென்னசியின் செனட்டர் அல் கோர். வயது 39. பிற்காலத்தில் புவி வெப்பமடைவதைப் பற்றி ஊர் ஊராகப் பேசிய கோரை மட்டும் அறிந்தவர்களுக்கு அந்த 1988 கோரை அடையாளம் தெரியாது. பாதுகாப்புச் செலவு, ராணுவ பலம் என்று கட்சிக்குள்ளேயே வலதுபக்கமாக நின்று பேசியவர். அயோவாவை விட்டே விட்டார். நியூ ஹாம்ப்ஷயரில் பின்தங்கினார். எல்லாவற்றையும் அந்தச் செவ்வாய்க்காகச் சேர்த்து வைத்தார்.

ஆனால் பந்தலுக்கு இன்னொரு தெற்கத்தியரும் வந்திருந்தார். தென் கரோலினாவின் கிரீன்வில்லில் 1941-ல் பிறந்தவர், மார்ட்டின் லூதர் கிங்குடன் வேலை செய்தவர், 1984-லும் நின்றவர். ஜெஸ்ஸி ஜாக்சன் சிகாகோவில் வாழ்ந்ததால் அவரை யாரும் 'தெற்கத்திய வேட்பாளர்' என்று எழுதவில்லை. பிறந்த மண்ணைக் கணக்கில் எடுத்தால் அவர் கோரைவிடத் தெற்கு. கோர் பிறந்தது தலைநகர் வாஷிங்டனில், அப்பா அங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது!

*

அந்த இரவின் முடிவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தெற்கு, எல்லை மாநிலங்கள் பதினான்கில் ஜாக்சனுக்கு ஐந்து: அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா. கோருக்கும் ஐந்து: டென்னசி, கென்டக்கி, வட கரோலினா, அர்கன்சா, ஓக்லஹோமா. மிசூரி அந்த மண்ணின் மைந்தர் டிக் கெப்ஹார்ட்டுக்குப் போனது. மீதி மூன்று? ஃபுளோரிடா, டெக்சஸ், மேரிலாண்ட். அவற்றை எடுத்தவர் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ். யார் வரக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டுத் தேதியை மாற்றினார்களோ, அந்த வகையான வடக்கத்தியத் தாராளவாதியேதான்.

டுகாக்கிஸின் ஆட்கள் செய்த கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. தெற்கு முழுவதையும் துரத்திக்கொண்டு ஓடவில்லை. வரைபடத்தின் மூலைகளில் காலூன்றினார்கள். ஒரு மூலை ஃபுளோரிடா. வடக்கிலிருந்து ஓய்வுபெற்று வெயிலுக்காக அங்கே குடியேறியவர்களுக்கு டுகாக்கிஸ் ஊர்க்காரர் மாதிரி. இன்னொரு மூலை டெக்சஸின் தென்பகுதி. அங்கே அவர் சரளமாக ஸ்பானிஷ் பேசினார். மேலே வாஷிங்டன் மாநிலம். கிழக்கே சொந்த வீடு. டெக்சஸில் அவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான். மற்றவை ஜாக்சன், கோர், கெப்ஹார்ட் என்று சிதறிக் கிடந்ததால் அது முதலிடத்துக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் அவரைத் தெற்கிலும் ஜெயிக்கத் தெரிந்தவர் என்று எழுதினார்கள்.

அந்த நாளின் மொத்த ஓட்டைப் பார்த்தால் டுகாக்கிஸ், ஜாக்சன், கோர் மூவருக்கும் ஏறத்தாழ கால் பங்கு, கால் பங்கு, கால் பங்கு. ஆனால் டுகாக்கிஸுக்கு அடுத்த மாதம் போக ஒரு நாடே இருந்தது. கோருக்குத் தெற்கைத் தாண்டினால் வீடு கிடையாது. தெற்கு முழுவதையும் எடுத்திருந்தால் மட்டுமே அவருடைய கதை ஓடியிருக்கும். பாதித் தெற்கை வைத்துக்கொண்டு இல்லினாய்க்குப் போனார், விஸ்கான்சினுக்குப் போனார், ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரல் 19 நியூயார்க் பிரைமரியில் அந்நகர மேயர் எட் காச் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஜாக்சனை நாள்தோறும் வசைபாடினார். கோருக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம். இரண்டு நாளில் பிரசாரத்தை நிறுத்தினார். போகிற போக்கில் ஒன்றைச் செய்துவிட்டுப் போனார்: மாசசூசெட்ஸில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்புக் கொடுத்ததைப் பற்றி நியூயார்க் விவாதத்தில் டுகாக்கிஸைக் கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் குறித்துவைத்துக்கொண்டு, வெயில்காலம் முடிவதற்குள் டுகாக்கிஸின் தலையில் இடியாக இறக்கினார்கள். இதை என் டென்னசி நண்பரிடம் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

*

சரி, ஜாக்சன் கோருடைய ஓட்டைப் பிரித்தாரா?

எங்கள் ஊர்க் கணக்கில் ஓட்டுப் பிரிவது என்றால், ஒரே சாய்வுள்ள வாக்காளர் இரண்டு பேரில் யாருக்குப் போடுவது என்று தடுமாறுவது. புறாவா சேவலா என்று தடுமாறியவர் இரண்டு பக்கமும் எம்.ஜி.ஆரையே பார்த்தார். 1988 தெற்கில் அப்படித் தடுமாறிய வாக்காளர் எத்தனை பேர்? ஜாக்சனுக்குக் கறுப்பின ஓட்டு ஏறத்தாழ முழுவதுமாக விழுந்தது, பத்தில் ஒன்பதுக்கும் மேல். தெற்கத்திய வெள்ளையரிடமிருந்து அவருக்கு வந்தது மிகச் சொற்பம். கோருக்கு நேர் எதிர். ஒரே தெருவில் இரண்டு கடை, ஆனால் ஒரு கடையின் வாடிக்கையாளர் மறுகடைப் படியை மிதித்ததே இல்லை. ஒருவர் கடையை மூடியிருந்தால் கூட்டம் அப்படியே அடுத்த கடைக்கு வந்திருக்கும் என்று என்ன உறுதி?

ஜாக்சன் நிற்காமலிருந்தால் கறுப்பின வாக்காளர் கோருக்குப் போட்டிருப்பார்களா? கோர் வந்த வழியைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளியேறிக்கொண்டிருந்த வெள்ளை மிதவாதிகளைத் திரும்ப அழைக்கத்தானே அந்தப் பிரசாரமே. டுகாக்கிஸுக்குப் போயிருக்கலாம், கெப்ஹார்ட்டுக்குப் போயிருக்கலாம், வீட்டிலேயே இருந்திருக்கலாம். கோர் நிற்காமலிருந்தால் அவருடைய வாக்காளர்கள்? அதற்கு விடை அன்றைக்கே பாதி தெரிந்துவிட்டது. அதே செவ்வாயில் குடியரசுக் கட்சிக்கும் பிரைமரி. ஜார்ஜியா மாதிரிப் பல மாநிலங்களில் யாரும் எந்தப் பக்கச் சீட்டையும் கேட்டு வாங்கலாம், என் கையிலிருந்த படிவம் மாதிரி. எந்தப் பழமைவாத வெள்ளை வாக்காளருக்காக ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் பந்தல் போட்டார்களோ, அவர்களில் எத்தனையோ பேர் மறு வரிசையில் போய் நின்று ஜார்ஜ் புஷ்ஷுக்குப் போட்டார்கள். புஷ் அன்று தெற்கு முழுவதையும் வாரிக்கொண்டார். அவருடைய பிரசாரத்தை நடத்திய லீ அட்வாட்டர் தென் கரோலினாக்காரர். ஜனநாயகக் கட்சியின் திட்டத்தில் உண்மையாகப் பயனடைந்த தெற்கத்தியர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

ஆக, திட்டம் போட்டவர்கள் 'தெற்கு' என்று சொன்னபோது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தெற்குதான். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைக் காத்த 1965 வாக்குரிமைச் சட்டம் வந்து 23 வருடம் ஆகியிருந்தது. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி போன்ற இடங்களில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கறுப்பினத்தவர். வெள்ளையர் போகப்போக அந்தப் பங்கு கூடிக்கொண்டே வந்தது. இது ஒன்றும் மறைபொருள் இல்லை. வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்தாலே தெரியும். ஆனால் மிதவாத வேட்பாளர் வேண்டும் என்று பேசிய அறைகளில் இந்தக் கணக்கை யாரும் உரக்கப் போட்ட மாதிரித் தெரியவில்லை. அல்லது போட்டார்கள், அந்த ஓட்டு எப்படியும் நம்முடையதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டம்மா கேட்ட கேள்வி அதுதான். அவருடைய அம்மாவுக்கு முதல் ஓட்டு, அந்தச் சட்டம் வந்த பிறகு, ஐம்பது வயதில். அதற்கு முன் பெயர் பதியப் போய் இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டவர். 1988 மார்ச் 8 அன்று மகளோடு காலையிலேயே போய் வரிசையில் நின்றிருக்கிறார். ஜார்ஜியாவில் ஜாக்சன் முதலிடம் என்று இரவு செய்தியில் சொன்னபோது, கிழவி தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னாராம். "ஏன் அம்மா?" "இன்னும் கொஞ்ச நேரத்தில் மாற்றிச் சொல்வார்கள், நான் கேட்க மாட்டேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இவருடைய ஓட்டைத்தான் என் டென்னசி நண்பர் கோரிடமிருந்து போனதாக எழுதி வைத்திருந்தார்.

*

அந்த வருடம் ஜாக்சன் மேலும் போனார். மார்ச் 26-ல் மிச்சிகன் காக்கஸில் (பிரைமரிக்குப் பதிலாகக் கட்சியே நடத்தும் தேர்வு) பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி டுகாக்கிஸைத் தோற்கடித்தபோது கட்சி மேலிடத்துக்கு வியர்த்தது. வெள்ளையர் மாநிலம் என்றே சொல்லக்கூடிய வெர்மான்ட்டின் காக்கஸையும் ஜெயித்தார். அங்கே பர்லிங்டன் நகர மேயர் ஒருவர் கட்சிக்கு வெளியே இருந்துகொண்டே அவருக்காகப் பேசினார். பெயர் பெர்னி சாண்டர்ஸ். கடைசியில் நாடு முழுக்க ஏறத்தாழ 69 லட்சம் ஓட்டோடு ஜாக்சன் இரண்டாமிடம். டுகாக்கிஸ் வேட்பாளர்.

ஜூலையில் மாநாடு இங்கே அட்லாண்டாவில், ஆம்னி அரங்கில் நடந்தது. அந்த அரங்கம் இப்போது இல்லை. 1997-ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, அதே இடத்தில் புது அரங்கம் கட்டினார்கள். பிள்ளைகளைக் கூடைப்பந்து பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய மாநாடுதான் ஞாபகம் வரும். அங்கேதான் ஜாக்சன் தன் பாட்டியின் கதையைச் சொன்னார். போர்வை வாங்கக் காசில்லாத பாட்டி, பழைய கம்பளி, பட்டு, சாக்குத் துணி என்று கிடைத்த துண்டுகளை எடுத்து, வலுவான நூல் போட்டு ஒட்டுப்போர்வை தைத்த கதை. உழவர், தொழிலாளி, பெண்கள், கறுப்பினத்தவர், ஸ்பானிஷ் பேசுவோர் என்று ஒவ்வொருவரிடமும் உங்கள் கோரிக்கை நியாயம், ஆனால் உங்கள் துண்டு மட்டும் போதாது என்று சொல்லிக்கொண்டே போனார். கிழிந்த துணியை இரவல் நூலால் தைக்கும் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அதே மாநாட்டில் டுகாக்கிஸை முன்மொழிய வந்த கிளிண்டன் அரை மணி நேரத்துக்கு மேல் பேசி, "முடிவாக" என்று சொன்னவுடன் கூட்டம் கைதட்டியது. அவருடைய அரசியல் வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்றார்கள். ஆரூடம் சொல்பவர்களை நான் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தெற்கை மீட்க டுகாக்கிஸ் டெக்சஸின் லாயிட் பென்ட்சனைத் துணை அதிபர் வேட்பாளராக எடுத்தார். நவம்பரில் டெக்சஸும் போனது, தெற்கும் போனது. அவருக்குக் கிடைத்தது பத்து மாநிலங்களும் தலைநகரும்.

ஆனால் ஜாக்சன் சும்மா கலைந்துபோகவில்லை. பிரதிநிதிகளைப் பங்கிடும் விதியைப் பிடித்துக்கொண்டார். 1988-ல் சில இடங்களில் ஓட்டுக்கேற்ற பங்கு, சில இடங்களில் முதலிடத்தாருக்குக் கூடுதல் போனஸ், சில இடங்களில் தொகுதி ஜெயித்தவருக்கே எல்லாம் என்று ஒரே குழப்பம். அதை மாற்ற வேண்டும் என்று பேரம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். 1992 முதல் ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்திலும் ஒரே கணக்கு: 15 சதவீதம் தாண்டினால் உன் பங்கு உனக்கு. எத்தனை பேர் நின்றாலும் முதலிடத்தார் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இந்த விதியின் ருசியை 2008-ல் ஒருவர் சாப்பிட்டார். அந்த வருட சூப்பர் செவ்வாயில் ஹிலாரி கிளிண்டன் நியூ ஜெர்சி என்ற பெரிய மாநிலத்தை ஜெயித்து ஒபாமாவைவிட 11 பிரதிநிதிகள் அதிகம் பெற்றார். ஒபாமா ஐடஹோ என்ற உருளைக்கிழங்குச் சீமையில் காக்கஸை அள்ளி 12 அதிகம் பெற்றார். பெரிய மாநிலங்களைத் தோற்றாலும் பங்கு கைக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசிவரை அந்த முன்னிலையை ஹிலாரியால் எட்ட முடியவில்லை.

குடியரசுக் கட்சியில் அப்படி எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி கிடையாது, முதலிடத்தாரே மொத்தத்தையும் அள்ளும் மாநிலங்களும் உண்டு. அங்கே ஓட்டுப் பிரிந்தால் நம்மூர் மாதிரியே வலிக்கும். நான் முதல் ஓட்டுப் போட்டதற்குப் பத்து நாள் முன்னால், 2016 பிப்ரவரி 20-ல் தென் கரோலினாவில் டிரம்புக்கு 32.5 சதவீதம், ரூபியோவுக்கு 22.5, குரூஸுக்கு 22.3. இருந்த 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கு. மற்ற இருவருக்கும் பூஜ்யம். மார்ச் 1 செவ்வாயை ஜார்ஜியாவின் முயற்சியில் தெற்கு மாநிலங்கள் மறுபடி ஒன்றாக்கியிருந்தன. கல்லூரிக் கால்பந்துக் கூட்டமைப்பின் பெயரை வைத்து எஸ்.இ.சி. பிரைமரி என்று செல்லமாக அழைத்தார்கள். டெக்சஸின் டெட் குரூஸ் இந்த மாநிலங்களைத்தான் தன் அரண் என்று சொல்லிவந்தார். அர்கன்சாவில் டிரம்ப் 33, குரூஸ் 30, ரூபியோ 25. இங்கே ஜார்ஜியாவிலும் குரூஸும் ரூபியோவும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, டிரம்ப் முதலில் போனார். மறுநாள் என் டென்னசி நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இதோ பாருங்கள், இதுதான் ஓட்டுப் பிரிவது. இருவரும் ஒரே வீட்டுக் கதவைத் தட்டினார்கள்." ஏப்ரலில் குரூஸும் இன்னொரு போட்டியாளரான ஒஹாயோ ஆளுநர் ஜான் கேசிக்கும் விழித்துக்கொண்டு, இண்டியானா உனக்கு, ஓரிகனும் நியூ மெக்சிகோவும் எனக்கு என்று பாகப்பிரிவினை செய்ததும், அது ஒரு வாரத்திலேயே கந்தலானதும் தனிக்கதை.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுத வேண்டும். "நான் தட்டிய கதவுகளில் கறுப்பினத்தவர் கதவும் உண்டு" என்றார். சரிதான். எத்தனை என்று கேட்டேன். நாக்ஸ்வில்லில் இரண்டு தெரு என்றார். பிறகு நீண்ட நேரம் எதிர்முனையில் சத்தமில்லை. "எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் அந்தத் தெருக்கள் அவ்வளவாக இல்லை" என்றார்.

*

1988-ல் எந்தத் தெற்குக்காகப் பந்தல் போட்டார்களோ அது பிறகு கட்சியை விட்டே போய்விட்டது. மீதி இருந்த தெற்கு, யாரும் கணக்கில் எடுக்காத தெற்கு, வேட்பாளரைத் தீர்மானிக்கிற இடமாக ஆகிவிட்டது. 1992-ல் ஜாக்சன் நிற்கவில்லை. கிளிண்டன் இரண்டு தெற்கையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனார். 2020 பிப்ரவரி 29-ல் தென் கரோலினா. முதல் மூன்று மாநிலங்களிலும் அடிவாங்கி விழுந்துகிடந்த ஜோ பைடனை அங்கிருந்த கறுப்பின வாக்காளர்கள் தூக்கி நிறுத்தினார்கள். பைடனும் 1988 ஓட்டத்தில் இருந்தவர்தான், 1987-லேயே பாதியில் விலகியவர். மூன்றே நாளில் சூப்பர் செவ்வாய். அதற்குள் மற்ற மிதவாதப் போட்டியாளர்களான புட்டிஜெஜும் குளோபுசாரும் விலகி அவர் பக்கம் வந்துவிட்டார்கள். மிதவாதிகளின் ஓட்டுப் பிரியக் கூடாது என்று அந்த ஒரு இரவில் நடந்ததைப் பார்த்தபோது, கட்சிக்கு முப்பது வருடம் கழித்துப் பாடம் ஏறியது போல இருந்தது. ஜாக்சன் அந்த முறை சாண்டர்ஸை ஆதரித்தார். பழைய கடன்.

ஜார்ஜியாவின் பிரைமரி அந்த மார்ச் 24-ல் நடக்க வேண்டியது. கொரோனாவால் தள்ளித்தள்ளி ஜூன் 9-க்குப் போனது. அதற்குள் போட்டியே முடிந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா தபால் ஓட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார், சீட்டு வரவில்லை. "சரி, வண்டியை எடு" என்றார். முகக்கவசத்தோடு, கையில் மடக்கு நாற்காலியோடு. புது எந்திரம் ஓடாமல் வரிசை தேவாலயத்தைச் சுற்றி வாகன நிறுத்தம் வரை போயிருந்தது. இரண்டரை மணி நேரம். நான் முன்னதாக முடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அவர் வருவதாகத் தெரியவில்லை.

வந்ததும், "எவ்வளவு நேரம்! பரீட்சையா எழுதினீர்கள்?" என்றேன்.

"விலகிப் போனவர்கள் பெயரெல்லாம் அப்படியே போட்டிருக்கிறான்" என்றார். "ஒவ்வொன்றாகப் படித்தேன்."

நாற்காலியை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, பீச் பழ ஒட்டியை உரித்து, மேல்சட்டையில் ஒருமுறை ஒட்டிப் பார்த்து, கோணலாக இருக்கிறதென்று எடுத்து மறுபடி ஒட்டிக்கொண்டார்.